ஆணி பிடுங்கிய சுவர்

அண்ணா, இந்தக் கடிதத்தை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல், உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கே எழுதத் தெரியுமே, உன்னை எதற்கு உட்கார வைத்தாள் என்று நீ கேட்பாய். தன் கையால் எழுதினால் பாதியிலேயே கிழித்துப் போட்டுவிடுவாளாம், நான் எழுதினால் பிள்ளை கை வலிக்க எழுதியதாயிற்றே என்று கிழிக்க மனசு வராதாம். போனிலேயே கேட்டுவிடலாமே என்றேன். போன்ல அவன் அம்மான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், என் கோபமெல்லாம் கரைஞ்சு போயிடும், இது கரையக் கூடாது என்றாள். அம்மாவின் பேச்சை நான் எழுத்து நடைக்கு மாற்றித்தான் எழுதுவேன், பள்ளிக்கூடப் பழக்கம். ஆனால் சுடுகிற சொல்லை அப்படியே விட்டுவிடுவேன். நடுவில் நான் பேசினால் அடைப்புக்குறிக்குள் பேசுவேன். இனி அம்மா.

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். அங்கே உனக்கும் உடம்பு சுகமாகத்தான் இருக்கும், மனசும் சுகமா என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. படச் சட்டக் கடையின் கண்ணாடித் தூள்தான் காரணம், மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை பாருங்கள் என்று டாக்டர் சொன்னார், அப்பா துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கண்ணாடி அறுக்கிறார், கேட்டால் கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன் என்கிறார். பள்ளிக்கூடம் திறக்கப் போவதால் எனக்கு யூனிபார்ம் தையல் குவிந்து கிடக்கிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் நீலத் துணி. முட்டி வலி மழை வந்தால் வருகிறது, மழை போனாலும் போக மறந்துவிடுகிறது. உன் தங்கை தமிழில் முதல் மார்க், கணக்கைப் பற்றிப் பேச வேண்டாம் என்கிறாள். (நான் அப்படிச் சொன்னதையும் எழுது என்றாள். எழுதிவிட்டேன்.) எதிர்வீட்டு டீச்சர் உன்னை விசாரித்தார்கள். மாடிப்படி ஓரத்து அறை சும்மாதானே இருக்கு, எங்க ஸ்கூலுக்குப் புதுசா ஒரு பொண்ணு வேலைக்கு வந்திருக்கா, அவளுக்கு வாடகைக்குக் கொடுக்கலாமே என்று மறுபடியும் கேட்டார்கள். அது சும்மா இல்லை, அது என் பையனுடைய அறை, இந்த வருடம் முடிந்ததும் அவன் வந்துவிடுவான் என்று நானும் மறுபடியும் சொன்னேன். எவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்னேன் தெரியுமா, இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இந்த வருடம் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று போன வருடமும் சொன்னாய். ஆனால் இந்தத் தடவை நீ சொன்னது உறுதியாகக் காதில் விழுந்தது, அல்லது என் காதுக்கு அப்படி வேண்டியிருந்தது. நீ வருவதற்குள் உன் அறையைப் புதிதாக்கி வைக்கலாம் என்று பெயின்டரைக் கூப்பிட்டேன். உனக்குப் பிடித்த அந்த மங்கலான பச்சைதான், கடைக்காரன் அதற்கு வேறு என்னவோ பெயர் சொன்னான். பெயின்டர் வேலைக்காரர்தான், ஆனால் கையைவிட வாய் அதிகம். பழைய பெயின்டைச் சுரண்டிக்கொண்டே அவர் வீட்டுக் கதை, மச்சான் வீட்டுக் கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், நான் பக்கத்து அறையில் மிஷினை ஓட்டிக்கொண்டே ம் ம் என்றுகொண்டிருந்தேன். திடீரென்று பேச்சு நின்றுவிட்டது. அவர் பேச்சு நின்றால் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார் என்றுதானே நினைக்க வேண்டும், ஓடிப் போய்ப் பார்த்தேன். சுவரில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருந்தார். என்னங்க என்றேன். உங்க சுவரு பல்லு விளக்கியிருக்கும்மா என்றார். ஈரத்துணியால் ஓர் இடத்தைத் தேய்த்துக் காட்டினார், லேசாக நுரைத்தது. ஆணி பிடுங்கின ஓட்டையில எல்லாம் டூத் பேஸ்ட் வச்சு அடைச்சிருக்காங்க, இது காலி பண்ணிட்டுப் போறவங்க செய்யற வேலை, வீட்டுக்காரர் கண்ணுல ஓட்டை படாம அட்வான்ஸைத் திருப்பி வாங்கறதுக்கு, இந்த ரூம்ல குடித்தனம் வச்சிருந்தீங்களா, எப்ப காலி பண்ணாங்க என்று கேட்டார்.

நான் என்ன சொல்வேன் சொல். ஆமா, ஒரு பையன் இருந்தான், காலி பண்ணிட்டான் என்று சொல்லவா. குடித்தனம் எல்லாம் இல்லை, நம்ம பையன் ரூம்தான் என்றேன். அவர், நல்ல பையன் போல, சுத்தமா வச்சிருக்கார் என்று சொல்லிவிட்டுச் சுரண்ட ஆரம்பித்தார். சுரண்டச் சுரண்ட ஒவ்வோர் ஓட்டையாகத் திறந்துகொண்டது. எனக்கு ஒவ்வொன்றும் தெரியும். ஜன்னல் பக்கம் உன் பள்ளிக்கூட குரூப் போட்டோ, அதற்குக் கீழே நீ முதன்முதலில் நீயே மூலை சேர்த்துப் போட்ட சட்டம், ஒரு பக்கம் இடைவெளி விட்டு இளித்துக்கொண்டிருக்குமே, அது. கட்டில் பக்கம் காலண்டர். படத்துக்குச் சட்டம் போடுகிறவன் வீட்டில் ஆணிக்குப் பஞ்சமா. உன் அப்பா சின்ன வயதில் உனக்குச் சுத்தியலைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தபோது என்ன சொல்வார் என்று உனக்கு நினைவிருக்கும். சுவருல ஆணி அடிக்கிறவன்தான்டா வீட்டுக்காரன், அடிக்கலாமான்னு கேக்கறவன் குடித்தனக்காரன், நீ அடி என்பார். நீ விரலில் அடித்துக்கொண்டு அழுவாய், நான் திட்டுவேன், அப்பா சிரிப்பார். அப்படி அடித்த ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, மேலே விரலால் வழித்துச் சமப்படுத்தி, எனக்குத் தெரியாமல் அந்த அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறாய். படங்களை ஏன் எடுத்துட்டே என்று அன்று நான் கேட்டதற்குக் கரையான் வரும்மா, அட்டைப் பெட்டியில பத்திரமா வச்சிருக்கேன் என்றாய். எவ்வளவு பொறுப்பு என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

பெயின்டரை அன்றைக்கு அதோடு போகச் சொல்லிவிட்டேன். கலர் பிடிக்கலையாம்மா என்றார். கலர் எல்லாம் நல்ல கலர்தான் என்றேன். அவர் போன பிறகு வீட்டைச் சுற்றி வந்தேன். இத்தனை வருடமாகப் பெருக்கித் துடைத்த வீடு, கண்ணைக் கட்டி விட்டாலும் இடிக்காமல் நடப்பேன். ஆனால் அன்றைக்கு ஏதோ வேறு யாரோ வீட்டுக்குள் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. தண்ணீர் மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நீ சிவப்பு பெயின்டில் அம்புக்குறி போட்டிருக்கிறாய், எப்போது போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று. அது எனக்கு வசதிக்கு என்று நினைத்தேன். சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கலர் நூல் கட்டியிருக்கிறாய், பீரோவுக்கு மஞ்சள், மாடிக்கு வெள்ளை. அதையும் வசதிக்கு என்று நினைத்தேன். குழாய் சொட்டுகிறது சொட்டுகிறது என்று வருடக்கணக்காக நான் கத்தியும் திரும்பிப் பார்க்காதவன், போவதற்கு முன் ஒரே வாரத்தில் வீட்டிலிருந்த அத்தனை சொட்டையும் நிறுத்தினாய். வெளியூர் போகப் போகிற பிள்ளைக்கு வீட்டுமேல் பாசம் பொங்குகிறது என்று நினைத்தேனே தவிர, இந்த வீட்டை நீ இல்லாமல் ஓடுவதற்குத் தயார் செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. எல்லாம் என் கண்ணெதிரிலேயே நடந்தது, நான் தேங்க்ஸ் வேறு சொன்னேன்.

(அண்ணா, இது நான். எங்கள் தமிழ்ப் பாடத்தில் சிலேடை என்று ஒன்று வருகிறது. ஒரே அடிக்கு இரண்டு பொருள். முதலில் ஒன்றுதான் தெரியும், இன்னொன்று தெரிந்துவிட்ட பிறகு பழையபடி ஒரே பொருளாக அந்த அடியைப் படிக்கவே முடியாது. அம்மாவோடு நானும் வீட்டைச் சுற்றி வந்தேன், சைக்கிள் அருகில் வந்ததும் நின்றுவிட்டேன். நீ போவதற்கு முன் உன் சைக்கிள் சீட்டை இறக்கி எனக்குக் கொடுத்தாய். பியூஸ் போனால் எப்படிப் போடுவது, கேஸ் சிலிண்டரை எப்படி மாற்றுவது என்றெல்லாம் கற்றுக்கொடுத்து, புலவரே, இனிமே நீங்கதான் இந்த வீட்டுக்கு இன்ஜினியர் என்றாய். எனக்குப் பதவி கிடைத்தது என்று வகுப்பில் எல்லோரிடமும் பெருமை அடித்தேன். அது பதவி இல்லை, நீ உன் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கும் சொல்லியிருக்கலாம். நான் ரகசியத்தைக் காப்பாற்றியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.)

இவள் என்னவோ நீளமாக எழுதிக்கொண்டிருந்தாள், என்னடி என்றால் இலக்கணம் என்கிறாள். எங்கே விட்டேன். வீட்டைச் சுற்றி வந்தேன் என்றேன். இதுவரைக்கும் சொன்னது எல்லாம் உன்மேல் கோபம். இனிமேல் சொல்லப் போவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. சமையலறையில் நீ இறக்கி வைத்த பலகை இருக்கிறதே, டப்பா எடுக்க நான் முக்காலி போட்டு ஏறக் கூடாது என்று தோள் உயரத்துக்கு இறக்கினாயே, அது. அன்றைக்கு நானும் உன் தங்கையும் பல் டாக்டரிடம் போயிருந்தோம், திரும்பி வந்து பார்த்தால் பலகை கீழே இருக்கிறது. தனியாத்தாம்மா செஞ்சேன் என்றாய். சாயங்காலம் கடையிலிருந்து வந்த அப்பா சமையலறை வாசற்படியிலேயே நின்று, அடடே, இது எப்படா செஞ்சே, பிரமாதம் என்று வாயைப் பிளந்தார். அதற்குப் பிறகு அந்தப் பலகையில் நான் எத்தனை தடவை கை வைத்திருப்பேன். பெயின்டர் வந்துபோன அன்றைக்குத்தான் டார்ச் அடித்து அடியில் பார்த்தேன். இடது பக்கம் ஸ்குரூவைச் சுற்றிப் பிளாஸ்டிக் பிளக் அழகாக உட்கார்ந்திருக்கிறது, அது உன் கை. வலது பக்கம் ஸ்குரூவுக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி துருத்திக்கொண்டிருக்கிறது. மருந்துத் தலையைக்கூடக் கிள்ளாமல் அப்படியே சொருகிய தீக்குச்சி. ஓட்டை பெரிதாகிவிட்டால் தீக்குச்சி வைத்து இறுக்குவது யார் பழக்கம், ஒரு நாளைக்குச் சுவரே பற்றிக்கொள்ளப் போகிறது என்று நான் யாரிடம் கத்துவேன். நீ தீக்குச்சியைத் தொடவே மாட்டாய், அப்பாவை அதற்காகக் கேலி செய்கிறவன் நீ. அப்படியென்றால் பலகையின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். நீ எதற்காக வீட்டைத் தயார் செய்கிறாய் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. காலையில் உங்களுக்குள் பேசி முடித்து, மத்தியானம் பலகையை இறக்கி, சாயங்காலம் எனக்காக வாயைப் பிளந்திருக்கிறார். இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனுஷனுக்கு நடிக்கத் தெரியும் என்று ஒரு தீக்குச்சி வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மிஷினில் துணியை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். உன் தங்கையும் பின்னாலேயே வந்தாள், வராதே என்றால் கேட்கிறவளா. அப்பா மேஜைமேல் கண்ணாடியை வைத்து வைரக் கத்தியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார், ஓர் ஆள் கல்யாண போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். வெளி ஆள் முன்னால் வீட்டுப் பேச்சு வேண்டாம் என்று நான் சத்தம் போடவில்லை. சமையல்கட்டுப் பலகையில தீக்குச்சி யாருது என்று மட்டும் கேட்டேன். உன் அப்பா நிமிரவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது, அப்புறம் இழுத்தார், கோடு ஓடிவிட்டது, கண்ணாடி வேறு பக்கமாக விரிசல் விட்டது. என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஒரு கண்ணாடியைத் தப்பாக அறுத்து நான் பார்த்ததில்லை. அந்த ஆள் என்னம்மா சகுனம் இது, கல்யாண போட்டோவுக்கு என்று முனகினார். கண்ணாடிதான் உடைஞ்சது, போட்டோவுக்கு ஒண்ணும் ஆகல, நாளைக்கு வாங்க என்று அப்பா அவரை அனுப்பிவிட்டு, என்னைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கடையில் சுவர்ப் பக்கம் திரும்பி என்ன பிரயோஜனம், சுவர் முழுக்க விற்பனைக்கு மாட்டிய முகம் பார்க்கிற கண்ணாடிகள்தானே. என்னிடமிருந்து திருப்பிக்கொண்ட முகத்தைச் சின்னதும் பெரிதுமாக அத்தனை கண்ணாடியும் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

அப்புறம்தான் அவர் வாயைத் திறந்தார். அங்கேயே தங்கிவிடப் போவதாக நீ கிளம்புவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிட்டாயாம். லிஃப்ட் மாட்டுகிற அந்தக் கம்பெனியில் நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறார்கள், அங்கேயே வீடு பார்க்கப் போகிறேன், கடையை என்னால் பார்த்துக்கொள்ள முடியாது என்று சொன்னாயாம். அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீங்க வாயைத் திறக்காதீங்க என்றாயாம். அவன்தான் சொல்றேன்னான், அவன் சொல்லுவான்னு நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன் என்கிறார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், நீ பேசிக்கொண்டே இருந்தாய், நான் காத்துக்கொண்டே இருந்தேன். சரி, நீங்களாவது எப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்கு அவர் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நாள் போனா உனக்கே பழகிடும்னு நினைச்சோம் என்றார். நினைச்சேன் என்றுகூட இல்லை, நினைச்சோம். மாட்டுக்கு நுகத்தடி பழக்குகிற மாதிரி என்னை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பழக்கியிருக்கிறீர்கள். பழகியும்தான் விட்டேன். பலகையில் டப்பா எடுக்கப் பழகினேன், அம்புக்குறி பார்த்து மோட்டார் போடப் பழகினேன், எதற்குப் பழகுகிறேன் என்று தெரியாமலே பழகினேன்.

நீ கேட்கலாம், தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பே, விட்டிருப்பியா என்று. விட்டிருக்க மாட்டேன். அழுதிருப்பேன். ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன், உன் அப்பாவைத் திட்டியிருப்பேன், சட்டையெல்லாம் எடுத்து ஒளித்து வைத்திருப்பேன். அப்புறம் அந்தச் சட்டைகளுக்கெல்லாம் நானே பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டுப் பெட்டி கட்டியிருப்பேன். உலகத்தில் எத்தனையோ அம்மாக்கள் செய்வதுதானே. அந்த அழுகை என்னுடையது, அதை நான் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன். நீ அதை எனக்குக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். இப்போது அழலாம் என்றால் யாரை வழியனுப்பி அழுவது, தெருவில் நின்று கையாட்ட வேண்டிய நாளில் சிரித்துக்கொண்டே நின்றிருந்தேனே. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே வரேம்மா என்றாய், சரிப்பா வா என்றேன். நம் பேச்சிலேயே ஒரு பித்தலாட்டம் இருக்கிறது பார். போகிறவர்கள் எல்லோரும் வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். நான் ஒரு முட்டாள், வரேன் என்றால் வருவதாக எடுத்துக்கொண்டேன்.

(அம்மா இங்கே தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அந்த இடைவெளியில் ஒன்று எழுதுகிறேன். உன் அறையில் ஓர் ஆணி மட்டும் பிடுங்காமல் இருக்கிறது. கதவுக்குப் பின்னால், உன் சட்டை மாட்டுகிற ஆணி. கதவு திறந்தே இருந்தால் அது தெரியாது. இதற்கும் ஏதாவது பொருள் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, ஓடிப் போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதைத் தொட்டுப் பார்த்தாள், கொஞ்சம் ஆட்டிப் பார்த்தாள். மறந்திருப்பான் என்றாள். நான் வேண்டுமென்றே விட்டிருப்பான் என்றேன். எல்லாத்துக்கும் பொருள் சொல்லாதேடி, சிலது மறதிதான் என்றாள். எது சரி என்று நீதான் எழுத வேண்டும்.)

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, வாசல் விளக்கு. கடைசியாக வீட்டுக்குள் வருகிறவர் வாசல் விளக்கை அணைக்க வேண்டும் என்பது நான் இந்த வீட்டில் போட்ட சட்டம், உன் அப்பா போடுகிற சட்டம் மாதிரி இல்லாமல் உடையாத சட்டம். விளக்கு எரிந்தால் இன்னும் ஒருத்தர் வர வேண்டியிருக்கிறது என்று அர்த்தம், அணைந்திருந்தால் எல்லோரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள், கதவைத் தாழ் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம். ஊர் சுற்றிவிட்டு நீதான் எப்போதும் கடைசியாக வருவாய், நீ ஸ்விட்சைத் தட்டுகிற சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். நீ போனதிலிருந்து அந்த விளக்கு அணையவில்லை. யாரும் அணைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, சட்டம் அதுதானே, கடைசி ஆள் வரவில்லை. உங்க வீட்டு லைட்டுல எங்க தெருவே நடக்குது, முனிசிபாலிட்டி உங்களுக்கு மாலை போடணும் என்று எதிர்வீட்டு டீச்சர் கேலி செய்வார்கள். உன் அப்பா தினமும் கடையைப் பூட்டிவிட்டு வந்து அந்த ஸ்விட்சைத் தொடாமல் தாண்டி உள்ளே வருவார். உனக்காகத்தான் அவரும் விட்டு வைக்கிறார் என்று அதிலும் எனக்கு ஒரு சந்தோஷம். உள்ளுக்குள் எல்லாம் தெரிந்துகொண்டே அவர் அதைத் தாண்டி வந்திருக்கிறார், ஒவ்வொரு ராத்திரியும்.

நீ போவதற்கு முந்தின நாள் என் கட்டில் தலைமாட்டில் இன்னொரு ஸ்விட்ச் போட்டாய். வாசல் விளக்கை இங்கேயிருந்தும் அணைக்கலாம்மா, முட்டி வலியோட எழுந்து போக வேண்டாம் என்றாய். உன் தங்கைக்கு அதை என்னவோ படம் போட்டு விளக்கினாய். (வெளியில் அணைத்தால் உள்ளே இருந்து போடலாம், உள்ளே அணைத்தால் வெளியில் இருந்து போடலாம் என்று விளக்கினாய். நினைவிருக்கிறது.) அதை நான் இதுவரை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. எனக்கு எதற்கு அது, வருகிறவன் அணைத்துக்கொள்வான். இப்போதுதான் அதன் அர்த்தம் புரிகிறது. வாயால் சொல்ல முடியாததை நீ ஒயர் இழுத்து என் தலைமாட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். நான் வர மாட்டேன், நீயே அணைச்சுட்டுப் படுத்துக்கோ என்று. பக்கத்திலேயே தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன், எனக்குக் காது கேட்கவில்லை.

நீ அங்கே இருப்பது தப்பென்று நான் சொல்லவில்லை. அங்கே உனக்கு நல்ல வேலை, நல்ல சம்பளம், ஒருவேளை நல்ல துணையும்கூட இருக்கலாம், அதையும் அப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாயோ என்னவோ. அறையை என்ன செய்வது என்று நான் இனி உன் அப்பாவைக் கேட்கப் போவதில்லை, உன்னைத்தான் கேட்கிறேன். பெயின்டர் தினமும் போன் செய்கிறார், ஓட்டைகளை ஒழுங்காக அடைத்துப் பெயின்ட் அடிக்கவா, இல்லை ஆணி அடிக்க விட்டு வைக்கவா என்று கேட்கிறார். டீச்சர் சொன்ன பெண்ணுக்கும் பதில் சொல்ல வேண்டும். நீ இங்கே இருக்க வருகிறாயா, இருந்துவிட்டுப் போக வருகிறாயா, அதை மட்டும் எழுது. விருந்தாளியாக வருவதானால் விருந்தாளியாகவே வா, நல்ல மெத்தையைப் போட்டு வைக்கிறேன். ஆனால் பையன் வருகிறான் என்று என்னைச் சொல்ல வைத்துவிட்டு விருந்தாளியை அனுப்பாதே. இனிமேல் எனக்கு வரேன் என்று எழுதாதே. போறேன் என்றால் போறேன் என்று எழுது. அந்த வார்த்தை வாயில் வரக் கூடாது என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான், நானே சொல்கிறேன், எழுது.

லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொள், சும்மா ரெண்டு நிமிஷ வேலைதானே என்று மாட்டாமல் இறங்காதே. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, குளிர் காலத்தில் காதை மூடிக்கொள், உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதில்தான் முதலில் குளிர் ஏறும். கோபத்தில் இருக்கிறவள் இதையெல்லாம் ஏன் சொல்கிறாள் என்று நினைக்காதே, கோபம் ஒரு பக்கம், காது ஒரு பக்கம். எந்த ஊரில் எந்த வீட்டில் ஆணி அடித்தாலும் அந்தச் சுவர் உனக்கு நிலைக்கட்டும். நோய் நொடி இல்லாமல், ஒருவரிடமும் எதையும் மறைக்க வேண்டிய நிலை வராமல், நன்றாக இரு.

இன்னமும் உன்னைப் பெற்றவள்தான்,
அம்மா

அண்ணா, கையெழுத்து மட்டும் அம்மாவே போட்டாள். பேனாவை ரொம்ப அழுத்திப் போட்டதால் பின்பக்கம்வரை பதிந்திருக்கிறது, விரலால் தடவினால் தெரியும். முழுவதையும் ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னாள். மாடு, நுகத்தடி என்று வந்த இடத்தை எடுத்துவிடட்டுமா என்று நான் கேட்டேன், இருக்கட்டும் என்றாள். பித்தலாட்டம் என்று வந்த இடத்தை எடுத்துவிடு என்று அவளே சொன்னாள், பிறகு அதையும் இருக்கட்டும் என்றாள்.

கடிதத்தை மடித்து உறைக்குள் போடப் போகும்போது அப்பா கடையிலிருந்து வந்தார். இந்த நாலைந்து நாட்களாக அவரும் அம்மாவும் எனக்குச் சொல்வது போலத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள், உங்கப்பாவைச் சாப்பிடச் சொல், உங்கம்மாவுக்கு மாத்திரை வாங்கிட்டேன்னு சொல் என்று. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல வாசல் ஸ்விட்சைத் தாண்டி உள்ளே வந்தார். அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே அவரை நேராகப் பார்த்து, இந்த வீட்டுக்குள்ள கடைசியா வந்தது யாரு என்று கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான்தான் என்றார் அப்பா, மெதுவாக. அப்ப என்ன செய்யணும் என்றாள் அம்மா. அப்பா திரும்பி வாசல் வரை போனார். ஸ்விட்ச்மேல் கையும் வைத்தார். வைத்த கையை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. என்னால முடியலடி என்றார். சட்டத்தில் போட்டோவை வைத்துப் பின்னால் அட்டையை மூடும்போது முகம் நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்ப்பாரே, அப்படித் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா என்னிடம், கடிதத்தை இன்னும் ஒட்டலியே, கடைசியா ஒரு வரி சேர்த்துக்கோ என்றாள். அவன் என் தலைமாட்டில போட்டுட்டுப் போன ஸ்விட்ச் நல்லா வேலை செய்யுதுன்னு எழுது என்றாள். இன்னும் போட்டே பார்க்கலையே அம்மா, எப்படி எழுதுவது, உள்ளதை உள்ளபடி எழுதுவேன் என்று மேலே சொல்லியிருக்கிறேனே என்றேன். அம்மா கையைத் தலைமாட்டுப் பக்கம் நீட்டினாள்.

நல்லா வேலை செய்கிறது, அண்ணா. வாசல் விளக்கு அணைக்கப்பட்டது.